காசர்கோட்டுக்குப் போகிற பழைய லேப்டாப்

பாறசாலை முதல் காசர்கோடு வரையுள்ள சகல ஜனங்களுக்கும், இரண்டு எல்லைகளுக்கும் அப்புறம் இருக்கும் அயலார்களுக்கும் இதனால் அறிவிப்பது என்னவென்றால்: எங்கள் வீட்டு லேப்டாப் இன்று காலை பொத்தானை அழுத்திய நாற்பத்தொன்றாவது விநாடியில் கண் திறந்தது. தாயும் சேயும் நலம். தாய் என்று இங்கே சொல்வது மதர்போர்டை. பதினொரு வருஷம் உழைத்த உடம்பு என்பதால் பார்க்க வருகிறவர்கள் தொட்டுப் பார்க்க வேண்டாம். ஒரு பக்கத்துக் கீல் ஏற்கெனவே போய்விட்டது, மறுபக்கத்துக் கீல் மானத்துக்காகப் பிடித்துக்கொண்டிருக்கிறது.

அன்புள்ள மகளே,

மகளே என்று கூப்பிட்டதும் நீ மூக்கைச் சுளிப்பாய் என்று தெரியும். உனக்கு வயது முப்பத்தொன்பது, எனக்குப் பதினேழு, என்னைப் பெற்றது நீ, அதற்குச் சான்றிதழும் அலமாரியில் உண்டு. ஆனால் நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். பெட்டியைக் கட்டிக்கொண்டு வீட்டை விட்டுப் போகிறவர் பிள்ளை, கேட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர் பெற்றவர். துபாய்க்குப் போகிறவனுக்கும், பெங்களூருக்கு நர்சிங் படிக்கப் போகிறவளுக்கும் நம் ஊரில் இதுதான் ஏற்பாடு. நிற்கிறவர் புத்தி சொல்லவேண்டும், போகிறவர் கேட்பதுபோலத் தலையாட்ட வேண்டும். இந்த முறை போக வேண்டியவள் நீ. உன்னைக் கட்டிக்கொடுத்த அன்று உன் அப்பா புத்தி ஒன்றும் சொல்லவில்லை, கார் வளைவு திரும்பும்வரை நின்றுவிட்டுச் சாயாக் கடைக்குள் போய்விட்டார் என்று நீயே சொல்லியிருக்கிறாய். ஆக, உனக்குப் புத்தி சொல்லும் பதவி பத்தொன்பது வருஷமாகக் காலியாகக் கிடக்கிறது. விண்ணப்பம் இல்லாமல், பரீட்சை இல்லாமல், ரேங்க் லிஸ்ட் இல்லாமல் நானே அதில் சேர்ந்துகொண்டேன்.

பதவியேற்றதும் என் முதல் வேலை, மூன்று நாள் முன்பு நீ அப்பாவிடம் சொன்னதைக் கண்டிப்பது. நான் உள்ளே இருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. அப்பா முற்றத்தில் சரக்கு ஏற்றும் பெட்டி ஆட்டோவின் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டிருந்தார். நீ படியில் உட்கார்ந்து மரச்சீனிக் கிழங்குக்குத் தோலுரித்துக்கொண்டிருந்தாய். கிழங்கைப் பார்த்தபடியே, "நான் போவல்ல," என்றாய்.

"எங்க?"

"காசர்கோட்டுக்கு."

"ஆர்டரு வந்தாச்சே பிள்ளே."

"வந்தா வந்ததாக்கும். பயலுக்கு மார்ச்சில பரீட்ச. ஒங்களுக்கு முதுகு வேதன. லேப்டாப்பும் ஒரு வழிக்கு வரல்ல. எல்லாஞ் சேந்து போவாண்டாம், போவாண்டாமுன்னு சொல்லுத மாதிரி இருக்கு."

"சேருததுக்கு இனியும் ஒம்பது நாளு உண்டில்லா," என்றார் அப்பா. பிறகு ஒரே முடிச்சை மூன்று தடவை போட்டு மூன்று தடவை அவிழ்த்தார். நான் சன்னல் வழியே எண்ணினேன்.

மகளே, இதை நான் எழுதி நீ அறியவேண்டியதில்லை, இருந்தாலும் பெற்றவன் என்ற முறையில் எழுதிவைக்கிறேன். ஆறு வருஷம் படித்தாய். ஒரு பட்டியலில் பெயரே இல்லை, இன்னொரு பட்டியலில் உனக்கு மேலே இருந்தவரோடு வேலை தீர்ந்துபோனது. வயது வரம்பு முடிகிறதற்கு முன்னால் கடைசியாக எழுதிய பரீட்சையில் இந்தக் கிளார்க் வேலை கிடைத்தது. வேண்டாம் என்று நீ ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் அதோடு முடிந்தது, இனி ஒரு பரீட்சைக்கு உன்னைக் கூப்பிட மாட்டார்கள். கேரளத்தின் இந்த முனையில் இருந்து அந்த முனைக்குப் போகவேண்டும், ஒரு முழுப் பகல் ரயில், ஹாஸ்டல் வாசம், சரிதான். ஆர்டர் வந்த அன்று நீயே சிரித்துக்கொண்டு சொன்னாயே, "எல்லையில பெறந்தவளுக்கு எல்லையிலயே வேல போட்டானுவ பாத்தியா, நடுவுல உள்ள எடமெல்லாம் நமக்கு ஆவாது" என்று. அன்று சிரித்தவள் எங்கே போனாள் என்பதுதான் இந்தக் கடிதத்தின் கேள்வி. நீ சொன்ன மூன்று காரணங்களையும் ஒவ்வொன்றாக எடுத்து உடைக்கப் போகிறேன். கடைசிக் காரணத்தை ஏற்கெனவே உடைத்துவிட்டேன். அதனால் அதில் இருந்தே தொடங்குகிறேன்.

நம் லேப்டாப்பின் வரலாறு சுருக்கம். எல்லைக்கு அந்தப்புறம் தமிழ்நாட்டில் படித்த பெரியம்மை மகளுக்குப் பிளஸ் டூவில் அரசு இலவசமாகக் கொடுத்தது. அவள் காலேஜ் முடித்து வேறு வாங்கியதும், "சித்திக்குப் படிக்க ஆவட்டு" என்று களியக்காவிளை வழியாக நம் வீட்டுக்குக் கொண்டுவந்தாள். பையில் அதற்கு மேலே ஒரு சீப்பு ஏத்தன் பழம் இருந்தது. பழத்தை நாங்கள் தின்றோம், லேப்டாப் உன்னைத் தின்றது. அதன் நினைவகம் இரண்டு ஜி.பி. அதில் இருந்த இயங்குதளமோ, இரண்டு பேர் உட்காரும் வண்டியில் ஒரு கல்யாண வீட்டையே ஏற்றியதுபோல. காலையில் நீ பொத்தானை அழுத்திவிட்டு அடுப்பில் அரிசியைப் போடுவாய், தேங்காய் துருவுவாய், அப்பாவுக்குச் சாயா கொடுப்பாய், திரும்பி வந்து பார்த்தால் திரையில் வட்டம் அப்போதும் சுற்றிக்கொண்டிருக்கும். உன் படிப்பில் பாதி அந்த வட்டத்தைப் பார்த்தே நடந்தது. மடியில் வைத்தால் தொடை சுடும், மேசையில் வைத்தால் மிக்ஸி ஓடுவதுபோலச் சத்தம். அயல்வீட்டு அக்கா ஒருநாள் மதிலுக்கு மேலே எட்டிப் பார்த்து, "என்னவாக்கும் அரைக்கிய, தேங்காச் சம்பந்தியா?" என்று கேட்டது உண்டு. நீ அசராமல், "இந்தியச் சரித்திரம் அரைக்கியேன்" என்றாய்.

ஆர்டர் வந்ததும் லேப்டாப்பை என்னிடம் கொடுத்தாய். ஹாஸ்டலில் இருந்து எங்களோடு முகம் பார்த்துப் பேச வேண்டும், வேலையில் சேர்ந்தபின் எழுதவேண்டிய துறைத் தேர்வுகளுக்குப் படிக்க வேண்டும், புதிதாக வாங்குவது இப்போது நடக்காது, இதையே ஒரு வழி பண்ணித் தா என்றாய். அப்பா வழக்கம்போல, "இது ஓடாது, இத அந்தப் பழைய இரும்பு எடுக்குத ஆக்கர்காரன்கிட்ட போடு" என்றார். அன்று நான் சொன்ன பொன்மொழி உனக்கு நினைவிருக்கும்: "ஏத்தம் ஏறல்லன்னா வண்டிய மாத்தாண்டாம், லோடக் கொறச்சாப் போரும்." நீ என்னை ஒரு மாதிரி மதிப்போடு பார்த்தாய். இலேசான இயங்குதளம் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. எந்திரம் அதேதான். அது தூக்குகிற சுமைதான் மாறுகிறது. மினுமினுப்பு, கண்ணாடிபோலத் தெரியும் சன்னல்கள், நாம் கேட்காமலே பின்னால் ஓடும் நூறு சின்னச் சின்ன நிரல்கள், இதையெல்லாம் இறக்கி வைத்தால் கிழட்டு எந்திரமும் மூச்சுவிடும்.

அதற்குப்பின் நான் நடத்தியது பதினாறு நாள் விஞ்ஞான ஆராய்ச்சி. பள்ளிக்கூட லேபில் சின்ன வகுப்பில் இருந்தே நாங்கள் லினக்ஸில்தான் படம் வரைந்து பழகியவர்கள், எனக்குப் புதிதல்ல. ஒரு பென் டிரைவில் ஒவ்வொன்றாக ஏற்றி, லேப்டாப்பில் நிறுவாமலே ஓட்டிப் பார்த்தேன். ஒன்று அடேயப்பா, அப்படி ஒரு வேகம், மொத்தமும் நினைவகத்துக்குள்ளேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. ஆனால் மலையாளம் அத்தனையும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது, அணைத்து எழுப்பினால் நேற்றுச் செய்த எதுவும் அதற்கு ஞாபகமில்லை. பரீட்சை அறையில் நான் இருப்பதைப் போலவே இருந்தது, அதனால் பிடித்திருந்தது. ஆனால் உனக்கு ஆகாது. பள்ளியில் ஓடும் பெரியது அழகு, எல்லா வசதியும் உண்டு, ஆனால் இரண்டு ஜி.பி.க்கு அது மாமியார் வீட்டுச் சீர்வரிசை, வைக்க இடமில்லை. கடைசியில் நடுத்தரமாக லுபுண்டு என்ற ஒன்று. தொடங்கும்போது நினைவகத்தில் கால்வாசியைத்தான் எடுத்துக்கொள்ளும், மீதி உனக்கு. தமிழும் மலையாளமும் உடையாமல் தெரியும். பெண் பார்க்கப் போகிறவர்கள் மூன்று வீடு ஏறி இறங்கி நாலாவது வீட்டில் சாயா குடிப்பதுபோல, நான் அங்கே உட்கார்ந்துவிட்டேன்.

உன் குறிப்புகள் எல்லாம் பத்திரம். அதைச் சொல்லும்போது ஒன்று சொல்ல வேண்டும். நீ தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவள், பரீட்சையோ மலையாளத்தில். முதல் இரண்டு வருஷம் நீ மலையாளத்தைத் தமிழ் எழுத்தில் அடித்து வைத்திருக்கிறாய். 'கேரளத்திலெ நதிகளுடெ எண்ணம் நாற்பத்திநாலு' என்று ஒரு கோப்பு. அதைத் திருவனந்தபுரத்துக்காரன் பார்த்தால் தமிழ் என்பான், மதுரைக்காரன் பார்த்தால் எழுதியவருக்குச் சுகமில்லை என்பான். உலகத்தில் அதைப் படிக்கத் தெரிந்தவர்கள் நம் வீட்டில் மூன்று பேர். மூன்றாம் வருஷத்தில் இருந்து மலையாள எழுத்திலேயே அடிக்கத் தொடங்கியிருக்கிறாய், முதலில் பிழையோடு, பிறகு பிழையில்லாமல். இயங்குதளத்தை மாற்றுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் பென் டிரைவில் நகல் எடுத்தேன். எடுத்ததோடு விடாமல் திறந்து பார்த்தேன். திறந்ததோடு விடாமல் ஒரு மத்தியானம் முழுக்க உட்கார்ந்து படித்தேன். நீ இவ்வளவு படித்திருக்கிறாய் என்று எனக்கு அதுவரை தெரியாது மகளே. நீ சும்மா உட்கார்ந்து வட்டத்தைப் பார்க்கிறாய் என்றுதான் நினைத்திருந்தேன்.

அப்படி நினைத்திருந்த காலத்தில் செய்த ஒரு காரியத்தை இப்போது ஒப்புக்கொள்கிறேன். நீ அறிந்த கதைதான், என் வாயால் கேட்டதில்லை, அவ்வளவுதான். நான் எட்டாம் வகுப்பில் இருந்தேன். உனக்கு அன்று காலை பத்து மணிக்கு இணையத்தில் மாதிரித் தேர்வு. நான் திரையை அப்படியே படம் பிடித்து, அந்தப் படத்தையே பின்னணியாக ஒட்டி, உண்மையான ஐகான்களை ஒளித்துவிட்டுப் பள்ளிக்குப் போனேன். நீ படத்தை அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறாய். அழுத்தி, அணைத்து, எழுப்பி, மறுபடி அழுத்தி. தேர்வு முடிந்துபோனது. சாயங்காலம் வந்து நான் விழுந்து விழுந்து சிரித்தேன். நீ திட்டவில்லை. மறுநாள் மத்தியானம் நான் டிபன் பாத்திரத்தைத் திறந்தால் உள்ளே ஒரு துண்டுக் காகிதம்: 'சோறு ஹேங் ஆகிவிட்டது. ரீஸ்டார்ட் செய்யவும்.' வகுப்பே சிரித்தது. உண்மையான சோறு பைக்குள் விளையாட்டு உடுப்புக்கு அடியில் இருந்தது, அதைக் கண்டுபிடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. எனக்குக் குறும்பு எந்த வழியில் வந்தது என்று இனி யாரும் ஆராய வேண்டியதில்லை. ஆனால் நீ அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை, துணி காயப்போடும்போது, போகிறபோக்கில் சொன்னாய்: "பரீட்ச போனதுல வருத்தமில்ல மக்கா. எனக்கு ஒண்ணுந் தெரியாது, எனக்கு இதெல்லாம் ஆவாதுன்னு நானே நெனச்சுட்டேன் கேட்டியா." நான் கிளிப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு ஏதோ கோமாளித்தனம் செய்து நழுவினேன். பெற்றவர்களும் தவறு செய்வார்கள் மகளே, நான் செய்தது அது.

இனி உபதேசம். பிரவுசரில் ஒரே நேரத்தில் நாலு பக்கத்துக்கு மேல் திறக்காதே. இயங்குதளம் எவ்வளவு இலேசானாலும் நினைவகத்தை விழுங்குவது பிரவுசர்தான். சமையல் வீடியோவும், சேலை வியாபாரமும், அரசாங்க உத்தரவும் ஒரே சமயம் திறந்தால் மறுபடி சம்பந்தி அரைக்கும். மெத்தைமேல் வைக்காதே, அடியில் காற்று போகிற ஓட்டை அடைத்துக்கொள்ளும். பேட்டரி பேருக்குத்தான் இருக்கிறது, சார்ஜரைப் பிடுங்கினால் ஐந்து நிமிஷத்தில் உயிர் போகும், அதனால் ஹாஸ்டலில் பிளக் பாயின்ட் பக்கத்துக் கட்டிலைக் கேட்டு வாங்கு. யாராவது இந்த லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்தால் வயதைச் சொல்லாதே, நாற்பத்தொரு விநாடியைச் சொல். நீ பேசுகிற மலையாளத்தைக் கேட்டுச் சிரித்தால், நீயும் அவர்களைச் சிரிக்கவை, அது உனக்கு வரும். அங்கே கன்னடமும் துளுவும் பேசுவார்களாம். விசைப்பலகையில் தமிழ், மலையாளம், இங்கிலீஷோடு கன்னடத்தையும் சேர்த்து வைத்திருக்கிறேன். அடிக்கத் தெரியாவிட்டாலும் மரியாதைக்கு இருக்கட்டும்.

விசைப்பலகை என்றதும் நீ சிரிப்பது காதில் விழுகிறது. சரி, அந்தச் சம்பவத்தையும் நேர்மையாகப் பதிவு செய்கிறேன். ஆராய்ச்சியின் பத்தாவது நாள். உன் மலையாளக் கோப்பில் நாலு வரி அடித்துப் பார்த்துவிட்டு, அப்படியே பாஸ்வேர்டையும் புதிதாக மாற்றினேன். பாஸ்வேர்டு அடிக்கும்போது எழுத்தா தெரியும், புள்ளிதானே தெரியும். அணைத்து எழுப்பினால் உள்ளே விடமாட்டேன் என்கிறது. அதே விரல், அதே விசை, அதே வார்த்தை. இருபது தடவை அடித்தேன். அப்பா எட்டிப் பார்த்தபோது, "பாதுகாப்புப் பரிசோதனை நடக்குது" என்று சொன்னேன். நீ கையில் கறிவேப்பிலைக் கொத்தோடு வந்து என் பின்னால் நின்றாய்.

"எலே, பாஸ்வேர்டு எப்பம் மாத்தினே?"

"இப்பந்தான்."

"அதுக்கு முந்தி என்ன செய்தே?"

"மலையாளம் அடிச்சுப் பாத்தேன்."

"பெறவு இங்கிலீஷுக்கு மாத்தினியா?"

நீ கறிவேப்பிலைக் கொத்தாலேயே திரையின் மூலையைக் காட்டினாய். மலையாள விசையில் வைத்துக்கொண்டு பாஸ்வேர்டை அடித்திருக்கிறேன், திறக்கிற திரையோ இங்கிலீஷில் நிற்கிறது. "எனக்கு இந்தத் தப்பு நூறு தடவ பற்றினதாக்கும். மலையாளமுன்னு நெனச்சு ஒரு பக்கம் முழுக்கத் தமிழ் அடிச்சு வச்சிருப்பேன்," என்றாய். மூன்று எழுத்து புழங்குகிற வீட்டில் பிறந்த எவனுக்கும் வருகிற விபத்து, வெட்கப்பட ஒன்றுமில்லை. மூலையை மாற்றினாய். பிறகு, "என்ன வார்த்தயாக்கும்? சொல்லு, நான் அடிக்கியேன்" என்றாய்.

"அது ரகசியம்."

"அம்மைக்க லேப்டாப்பில அம்மைக்குத் தெரியாத்த ரகசியமா? கொள்ளாமே!"

நான் லேப்டாப்பை என் பக்கமாகத் திருப்பிக்கொண்டு அடித்தேன். திறந்தது. நீ என் தலையில் கொத்தால் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாய். கறிவேப்பிலை மணம் சாயங்காலம்வரை இருந்தது.

மற்ற இரண்டு காரணங்களுக்கு வருகிறேன். என் பரீட்சை. நான் படிக்கிறவன்தான் மகளே, நீ பார்க்கும்போது படிப்பதில்லை, அவ்வளவுதான். நீ ஆறு வருஷம் ஓயாத வேலைக்கு நடுவில் படித்ததைப் பார்த்தவன், ஒரு வேலையும் இல்லாமல் ஒரு வருஷம் படிக்க மாட்டேனா. அடுத்தது அப்பாவின் முதுகும் வயிறும். முதுகுக்குத் தைலம் தேய்க்க என் கை போதும். வயிற்றுக்கு நான் சமைப்பேன். சோறு, பருப்பு, மீன் கறி, மூன்றும் எனக்குக் கைவந்த கலை, நீ காஞ்சிரங்குளத்துக் கல்யாணத்துக்குப் போன அன்று அப்பா தட்டை வழித்தார். உன் தலைக்குள் எப்போதும் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும் நிரல்கள் எனக்குத் தெரியும்: கேஸ் தீர்ந்துவிட்டதா, பால் வந்ததா, கோழி அடைந்ததா, பயல் மழை நனைந்தானா. எங்களுக்குத் தெரியாமல் அவை ஓடி ஓடி உன்னைச் சூடாக்குகின்றன. அவற்றை ஒவ்வொன்றாக இங்கே இறக்கி வை. அப்பாவும் நானும் எடுத்துக்கொள்கிறோம். அழுகை, ஏக்கம் போன்றவை என்னிடம் கிடையாது. நீ ரயில் ஏறியதும் நான் பிளாட்பாரத்தில் ஒரு வடை தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து படிப்பேன்.

இத்துடன் முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். லேப்டாப் பையில் சார்ஜர் அறைக்குள் இதை மடித்து வைத்துவிட்டால் என் பதவிக்காலம் கௌரவமாக முடியும். ஆனால் மேலே எழுதியதை ஒருமுறை வாசித்துப் பார்த்தேன். பெற்றவன் இப்படியெல்லாம் புளுகக் கூடாது. அதனால் அம்மா, சில திருத்தங்கள்.

கல்யாணத்துக்குப் போன அன்று அப்பா வழித்தது தட்டை அல்ல, சட்டியை. அடிப்பிடித்த பருப்பைக் கரண்டியால் சுரண்டினார். அந்தச் சட்டி கோழிக்கூட்டுக்குப் பின்னால் இருக்கிறது, நீ பூனை கொண்டுபோனதாக நினைத்துத் தேடுவதை நிறுத்தலாம். இப்போது பருப்பு சரியாக வருகிறது, மீன் கறி இன்னும் வரவில்லை. லோடைக் குறைத்தால் போதும் என்ற பொன்மொழி அப்பாவுடையது. முந்தின வாரம் பெட்டி ஆட்டோ ஏற்றத்தில் நின்றபோது அவர் சொன்னதை நான் சுட்டேன்.

பதினாறு நாள் ஆராய்ச்சி என்றேன். அம்மா, லுபுண்டு முதல் ஞாயிற்றுக்கிழமையே ஏறிவிட்டது. ஒன்றரை மணி நேரம். வைஃபை பிடித்தது, சத்தம் வந்தது, மலையாளம் ஒரு எழுத்துகூட உடையவில்லை. நீ சந்தைக்குப் போய்விட்டுத் திரும்பி வருவதற்குள் எல்லாம் முடிந்து, நீ சும்மா பொத்தானை அழுத்தினால் போதும் என்ற நிலையில் அது மேசைமேல் இருந்தது. நீ வந்து, "ஆச்சா மக்கா?" என்று கேட்டாய். நான், "வைஃபை பிடிக்கல்ல" என்றேன். அது எப்படி வாயில் வந்தது என்று தெரியவில்லை. மறுநாள் சத்தம் வரவில்லை என்றேன். அதற்கு மறுநாள் எழுத்து உடைகிறது என்றேன். நான் பள்ளி விட்டு வந்ததும் நீ கேட்பாய், நான் புதிதாக ஒரு நோயைச் சொல்வேன். லேப்டாப் தயாராகாமல் நீ பெட்டி கட்ட மாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆர்டரில் உள்ள தேதி தானாகத் தாண்டிப் போய்விடும் என்றுகூட ஒரு நாள் கணக்குப் போட்டேன். மற்ற இயங்குதளங்களை ஏற்றிப் பார்த்ததெல்லாம் அந்த நாட்களை நிரப்பத்தான். வெளியில் விளையாட்டு, உள்ளே அது விளையாட்டு அல்ல.

பிறகு மூன்று நாள் முன்பு நீ கிழங்கை உரித்துக்கொண்டு, லேப்டாப்பும் ஒரு வழிக்கு வரல்ல என்றாய். எல்லாம் சேர்ந்து போக வேண்டாம் என்று சொல்வதுபோல இருக்கிறது என்றாய். எல்லாம் சேர்ந்து சொல்லவில்லை அம்மா. நான் ஒருவன்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். நான் கேட்டது நடந்துவிட்டது, எனக்குச் சந்தோஷம் வரவேண்டும். ஆனால் அன்று படத்தை அழுத்திக்கொண்டே இருந்தவள்தான் ஞாபகம் வந்தாள். மறுபடி அதே காரியத்தைச் செய்திருக்கிறேன், பின்னணியில் ஒரு பொய்யை ஒட்டி வைத்து, நீ அதை அழுத்தி அழுத்தி, எனக்கு இதெல்லாம் ஆகாது என்று நீயே நினைக்கும்படி.

நேற்று அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அடி விழும் என்றுதான் நின்றேன். "நீ வேணுமுன்னே நாள இழுத்தது எனக்குத் தெரியும்," என்றார். "நானும் ஒண்ணும் கேக்கல்ல பாத்தியா. நாளைக்கு முடிச்சு வை." பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு போய் டிக்கெட் எடுத்து வந்தார். சனிக்கிழமை காலை ரயில். டிக்கெட் இதே பையில், கடிதத்துக்குப் பக்கத்து அறையில் இருக்கிறது. போவதும் போகாததும் உன் இஷ்டம்தான். ஆனால் போகாமல் இருந்தால் அதற்கு லேப்டாப் காரணம் அல்ல, என் பரீட்சை காரணம் அல்ல, அப்பாவின் முதுகும் அல்ல. அவற்றைச் சொல்ல முடியாதபடி செய்துவிட்டோம்.

இன்னும் ஒன்று பாக்கி. அன்று நான் மறைத்துக்கொண்டு அடித்த பாஸ்வேர்டு 'போகாதே.' அதை இருபது தடவை அடித்தும் அது திறக்கவில்லை என்பதை இப்போது நினைத்தால் எனக்கே சிரிப்பு வருகிறது. இன்று காலை அதை மாற்றிவிட்டேன். புதியதை உனக்கு எழுதித் தரவேண்டியதில்லை. பையைத் தோளில் போட்டுக்கொண்டு கேட்டுப் பக்கம் திரும்பும்போது நீ தினமும் சொல்கிற ஒரே வார்த்தைதான், சந்தைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் நீ அதைத்தான் சொல்வாய். 'வாறேன்.' இங்கிலீஷ் எழுத்தில், 'வா'வுக்கு இரண்டு 'ஏ' போட்டு.

அப்புறம் அந்த நாற்பத்தொரு விநாடி. ஊரெல்லாம் அறிவித்தேனே, அதை எண்ணியது அப்பா. கையில் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு உரக்க எண்ணினார். எனக்கு அப்போது திரையே சரியாகத் தெரியவில்லை. கண்ணில் தூசி என்றேன். "மின்விசிறி நின்னுல்லா கெடக்கு, தூசி எங்க இருந்துடே வருது?" என்றார். அதனால் பிளாட்பாரத்து வடையையும் நீ நம்ப வேண்டாம்.

மூலையில் இங்கிலீஷ் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அடி. திறக்கவில்லை என்றால் என்னைக் கூப்பிடு. திறந்தாலும் கூப்பிடு.